சவுக்குக் கழி இருக்கும்போது பாலித்தீன் கூண்டு எதுக்கு?

சென்னையிலிருந்து ஈசிஆரில் பாண்டிச்சேரி போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டி உப்பளத்தைப் போட்டோ எடுக்கிறீர்கள். எடுங்கள், விடியக்காலையில் நல்லாத்தான் இருக்கும். அப்படியே அங்க பாத்தியில் வேலை செய்யிறவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: உப்பு விளைய என்ன வேணும்? வெயில்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. காத்தும் வேணும்பாங்க. பாத்தி மேல நிக்கிற ஈரத்தைத் தள்ளிக்கிட்டுப் போக காத்து வந்துக்கிட்டே இருக்கணும். மூட்டமா, புழுக்கமா, காத்தே இல்லாம கிடக்கிற நாளில் உப்பு பூக்காது.

இப்படிப்பட்ட ஊரில், காத்தை அடைச்சு வைக்கிற ஒரு கூடாரத்தை "குறைந்த செலவில் வீட்டுப் பசுமைக்குடில்"னு சொல்லிச் சொல்லிப் பரப்புறாங்க. என்கிட்ட இப்போ அதிகமா வர்ற கேள்வியும் அதுதான். ஈசிஆர் ஓரமா மனை வாங்கி, சனி ஞாயிறு வந்து தங்கிட்டுப் போறவங்க கேட்கிறாங்க. பிவிசி பைப்பை வளைச்சு, ரெண்டு பக்கமும் தரையில் அடிச்ச கம்பியில் சொருகி, கூண்டு வண்டிக் கூண்டு மாதிரி நிறுத்தி, மேல பாலித்தீன் ஷீட்டைப் போர்த்திட்டா முடிஞ்சுது, ஒரு ஞாயித்துக்கிழமை வேலைதான்னு வீடியோவுல காட்டுறாங்களாம். போடலாமா சார்?

போடாதீங்க. காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

இந்த பிளாஸ்டிக் குடில் எங்க பொறந்ததுன்னு முதல்ல பாக்கணும். அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எம்மெர்ட் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். கண்ணாடிக் குடில் கட்டக் கையில் காசு இல்லாமல், 1948-ல் மரச்சட்டத்தின் மேல் செலோபேன் தாளைப் போர்த்திப் பார்த்தார். அவருக்கு அது கெட்டிக்காரத்தனம்தான், நான் குறை சொல்லமாட்டேன். பனி விழுற ஊர். செடிக்குச் சூடு வேணும், அந்தச் சூடு வெளியே போகாம புடிச்சு வைக்கணும். லடாக்கில் லே நகரத்துல நம்ம ராணுவ ஆராய்ச்சி நிலையம் மண்ணைப் பள்ளமா தோண்டி மேல பாலித்தீன் மூடிக் கீரை வளர்க்கிற வழியைச் சொல்லிக் கொடுத்திருக்கு. அதுவும் நியாயம். ஓசூர், தளி பக்கம் ரோஜாவுக்கு வரிசை வரிசையா குடில் நிக்குது. அது கடல் மட்டத்திலேர்ந்து ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரம். ராத்திரி குளிரும் இடம்.

மரக்காணத்தில் எந்த ராத்திரி செடி குளிரில் நடுங்குச்சு? மார்கழியிலகூட ஒரு போர்வை போதும் நமக்கு. இங்க செடிக்குச் சூட்டைக் கூட்டிக் கொடுக்கிற பொருள் எதுக்கு? பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு இறங்காம இருந்தா தக்காளி பூவைக் கொட்டிடும், காய் பிடிக்காது. அக்னி நட்சத்திரத்துல வெளியவே அந்த நிலைமைதான். மூடின குடிலுக்குள்ள அதுக்கும் மேல அஞ்சாறு டிகிரி சாதாரணமா ஏறும்.

உடனே ஒருத்தர் இஸ்ரேலைக் கூட்டிக்கிட்டு வருவார். பாலைவனத்துலயே பண்றாங்களே என்பார். ஐயா, பாலைவனத்துக் காத்து காய்ஞ்ச காத்து. ஈரமான அட்டைத் தடுப்பு வழியா ஃபேன் போட்டு இழுத்தா தண்ணி ஆவியாகும், காத்து குளிரும். கடலோரத்துக் காத்து ஏற்கெனவே ஈரத்தைக் குடிச்சிட்டு வர்ற காத்து. அதில் மேற்கொண்டு எவ்வளவு தண்ணி ஆவியாகும்? மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி மழை மூட்டத்தில் எவ்வளவு நேரம் ஈரமா கிடக்குதுன்னு சென்னைக்காரங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சூடுகூடப் பரவாயில்லைன்னு விட்டுடலாம். உப்புதான் பெரிய சங்கதி. எந்த வீடியோவிலும் இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எங்க பக்கம் கிணத்துத் தண்ணி தை, மாசி வரைக்கும் வாயில வைக்கலாம். வைகாசியில் கரிக்கும். அந்தத் தண்ணியைத்தான் பாத்திக்குப் பாய்ச்சுறோம், சொட்டுநீர்க் குழாயிலயும் விடுறோம். செடி தண்ணியை மட்டும் குடிக்கும், வெயிலும் தண்ணியைத்தான் எடுக்கும். தண்ணியில் இருந்த உப்பு மண்ணுலேயே தங்கிடும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கொஞ்சம். இதை வருஷா வருஷம் கழுவிக் கீழ இறக்கி விடுறது ஐப்பசி, கார்த்திகை மழை. எங்க கொல்லையெல்லாம் இன்னும் கொல்லையா இருக்கிறதே அந்த மழையாலதான். இப்போ நீங்க மேல பாலித்தீன் போட்டு மூடிட்டீங்க. தண்ணி பாயும், ஆவியாகும், உப்பு தங்கும், மழை மட்டும் உள்ள வராது. ரெண்டு மூணு வருஷத்துல மண்ணு மேல வெள்ளையா பூக்கும், இலை ஓரம் கருகும். உரம் பத்தலைன்னு நினைச்சு இன்னும் உரம் போடுவீங்க. உரமும் உப்புதான். உப்பளத்தில் பண்ற காரியத்தை அப்படியே கூரை போட்டுப் பண்றீங்க. காசு கொடுத்து வீட்டுக்குப் பின்னாடி ஒரு குட்டி அளம்.

அப்புறம் காத்து. உப்பு விளைவிக்கிற காத்து இல்லை, மார்கழிக்குள்ள வர்ற அந்தக் காத்து.

2011 டிசம்பர் 30 விடியக்காலையில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல ஏறுச்சு. 2020 நவம்பர் 25 ராத்திரி நிவர், பாண்டிச்சேரிக்குப் பக்கத்துல. 2022 டிசம்பரில் மாண்டஸ், மாமல்லபுரம் பக்கம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், மறுபடியும் பாண்டிச்சேரிப் பக்கம். இதுல ஒண்ணுகூட எங்களுக்குத் தூரத்துச் செய்தி கிடையாது. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற பலம் நாலு மடங்கு. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிற காத்து, நேரா நிக்கிற ஒரு சதுர மீட்டர் மேல சுமார் 68 கிலோ எடைக்குத் தள்ளும். இருபது அடி நீளம், ஏழு அடி உயரத்துல உங்க கூண்டு நிக்குதுன்னு வைங்க. வளைவா இருக்கிறதுக்குக் கழிச்சுக்கிட்டாலும் அரை டன் கிட்ட வரும். மேல தூக்குற இழுப்பு தனி. வெயில்ல கிடந்து இத்துப்போன பிவிசி பைப்பு எத்தனை நேரம் தாங்கும்? பைப்பைக் கம்பி ஆக்குறேன்னு துத்தநாகம் பூசின குழாய்க்குப் போனீங்கன்னா உப்புக்காத்து அதோட மூட்டுகளைத்தான் முதல்ல தின்னும். எங்க ஊர்ல சைக்கிள் எத்தனை வருஷம் வருதுன்னு கேட்டுப் பாருங்க.

ஃபெஞ்சல்ல காத்து தானே அளவுக்கு இல்லை. மழைதான். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுது. பக்கத்து ஊர்ல எனக்கு மாமன் முறை ஆகணும் ஒருத்தர், கடன் வாங்கிப் பாலித்தீன் குடில் போட்டிருந்தார். ஷீட்டு மேல தண்ணி தேங்கித் தொட்டியாட்டம் தொங்கி, எடை தாங்காம கிழிஞ்சு, கிழிஞ்ச வாயில காத்து பூந்து, மொத்தமும் போச்சு. பாதி ஷீட்டு பனைமரத்துல மாட்டிக்கிட்டுப் பொங்கல் வரைக்கும் படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்துது. மீதி கழுவேலிப் பக்கம் போயிருக்கும். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம்னு அரசாங்கம் அறிவிச்ச அதே கழுவேலிதான். மாமா இன்னும் தவணை கட்டுறார். போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அப்புறம் போனை எடுக்கலை.

ஆக, "குறைந்த செலவு"ன்னா யாருக்குக் குறைந்த செலவு? பைப்பு விலையும் ஷீட்டு விலையும் கூட்டிப் பாத்துட்டா செலவு ஆகிடுமா? மூணு நாலு வருஷத்துல ஷீட்டு மாத்தணும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு புயல் வருது, மண்ணு உவர் ஆகுது. இதெல்லாம் எந்தக் கணக்குல வருது?

மானியத்தைப் பத்தியும் சொல்லிடறேன். மத்திய அரசின் தோட்டக்கலை இயக்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியில் நிழல்வலைக் குடிலுக்கு மூணு விதமா மதிப்பு போட்டிருந்தாங்க. குழாய் அமைப்புன்னா சதுர மீட்டருக்கு 710 ரூபாய், மரக்கட்டமைப்புன்னா 492, மூங்கில்னா 360. இதுல பாதி மானியம். மரமும் மூங்கிலும் அரசாங்கக் காகிதத்துலேயே இருக்கு! ஆனா நான் போய்க் கேட்ட இடத்துல குழாய் அமைப்பைத்தான் எடுத்துப் போட்டாங்க. கழி நட்டுப் போடுறேன்னு சொன்னா "அதெல்லாம் நிக்காதுங்க"ன்னு ஒரு சிரிப்பு. குழாய்ல கம்பெனி இருக்கு, பில் இருக்கு, பத்து ஊர் தள்ளியிருந்து வந்து மாட்டிட்டுப் போற ஆள் இருக்கு. சவுக்குக் கழிக்கு யார் பில் கொடுப்பா? நம்ம கரையோர மணல்ல வளர்ற சவுக்கு காகித ஆலைக்கு டன் கணக்குல லாரி ஏறுது. அதை வளர்க்கிறவன் தோட்டத்துக்கு இரும்பு லாரியில் இறங்குது.

நிழலில் பயிர் பண்றது தமிழனுக்குப் புதுசும் இல்லை. வெற்றிலைக் கொடிக்கால் பாத்திருக்கீங்களா? அகத்தியை நெருக்கி விட்டு, அதுலேயே கொடியை ஏத்தி, அதோட நிழல்லயும் ஈரத்துலயும் வெற்றிலையை வளர்க்கிறாங்க. கூரையே உயிரோட நிக்குது, மாட்டுக்குத் தழையும் கொடுக்குது. அவரைப் பந்தல், புடலைப் பந்தல் எல்லாம் நம்ம கொல்லையில இருந்ததுதான்.

நான் சொல்றது ஒரு பந்தல், அவ்வளவுதான். மணிக்கட்டு கனத்துக்குச் சவுக்குக் கழி. அடியை நெருப்பில் கருக்கி ரெண்டடி ஆழத்துக்கு நடணும், இல்லைன்னா கரையான் தின்னுடும். எட்டடி உயரம் போதும். மேல குறுக்குக் கழி, கட்டுக்கம்பிக்குப் பதிலா நைலான் கயிறு. அதுக்கு மேல 50 சதவீத நிழல் வலை. மேற்குப் பக்கம் மட்டும் வலையைக் கொஞ்சம் தாழ இறக்கி விடுங்க, சாயங்கால வெயில்தான் கீரையை வாட்டும். மத்த மூணு பக்கமும் திறந்தே கிடக்கட்டும். மழை வலை வழியா இறங்கும், மண்ணைக் கழுவும். தேனீயும் வந்து போகும். மூடின குடில்ல தேனீ வராதுங்கிறதாலதான் மகரந்தமே இல்லாம காய்க்கிற வெள்ளரி விதையை விலை கொடுத்து வாங்குறாங்க. பந்தலில் சாதா நாட்டு வெள்ளரியே காய்க்கும்.

நிழல் வலையும் பிளாஸ்டிக்தானேன்னு கேப்பீங்க. ஆமாம். அதைச் சுருட்டி வைக்கலாம், பாலித்தீன் ஷீட்டைவிட நாள்பட வரும், அவ்வளவுதான் அதுக்காக நான் வாதாடுவேன். தென்னங்கீத்து கிடைச்சா அதையே போடுங்க.

கத்தரி, வெண்டை, கொத்தவரை, மல்லாட்டைக்கெல்லாம் இதுகூட வேண்டாம், வெயில்லேயே பொறந்த ஜாதி. பங்குனியிலேர்ந்து ஆடி வரைக்கும் கீரை, கொத்தமல்லி, நாத்து, இதுக்குத்தான் நிழல். பாலித்தீனுக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கலாம். ஐப்பசி மழையில் குழித்தட்டு நாத்து அழுகாம இருக்க, ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும், பக்கமெல்லாம் திறந்து விட்டு, தண்ணி வழிய நல்ல சரிவா ஒரு சின்னக் கூரை. கேரளாவில் இப்படி மழைமறைப்பு போட்டுக் காய்கறியே பண்றாங்க. நமக்கு நாத்துக்குப் போதும்.

வலையை முடிச்சுப் போடும்போது உருவு முடிச்சாப் போடுங்க. புரட்டாசி முடிஞ்சதும் வலையைக் கழட்டிடணும், மழைக்காலத்துல வெளிச்சம் குறைவு, நிழலே வேண்டாம். ரேடியோவில் புயல் எச்சரிக்கை வந்தப்புறம் ஏணி தேடக் கூடாது. சுருட்டின வலையைத் தரையில் வைக்காம உத்தரத்துல கட்டித் தொங்க விடுங்க, எலி கடிக்கும். கழி நிக்கட்டும். காத்து அதுக்குள்ள பூந்து போயிடும்.