மட்டிக்கும் மூளைக்கும் ஒரு முடிச்சு

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நாம எல்லாரும் சந்திக்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: "இதனால என்ன யூஸ்?" பதில் தெரியுதோ இல்லையோ, 'அப்ளிகேஷன்ஸ்'னு ஒரு ஸ்லைடு போட்டுடுவோம். கேள்வி தப்பில்லை. ஆனா அதையே முதல் கேள்வியா கேட்கிற பழக்கம் தப்புன்னு நான் சொல்றேன். அதுக்குச் சாட்சி ஒரு மட்டியோட இதயம்.

மட்டி தெரியும்ல? கடற்கரையில் ஓடு பொறுக்குவோமே, அந்த ரெண்டு ஓட்டு உயிர்தான். அதுக்கும் இதயம் உண்டு: ரெண்டு மேலறை, ஒரு கீழறை. கீழறையை மட்டும் வெட்டியெடுத்து, நூல் கட்டி, கடல்நீரில் தொங்கவிட்டாலும் மணிக்கணக்கில் துடிக்கும். ஏன்னா துடிப்பு அந்தத் தசையிலேயே பிறக்குது. நரம்போட வேலை வேகத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டும்தான். அதையும் முனையில் ரசாயனத்தைச் சுரந்துதான் செய்யுது. அசிடைல்கோலின் பட்டா துடிப்பு தளரும். அளவு கூடினா நின்னே போகும். செரோடோனின் பட்டா துடிப்பு வலுக்கும். ஒண்ணு பிரேக், இன்னொண்ணு ஆக்சிலரேட்டர்.

அமெரிக்கக் கிழக்குக் கரை மட்டி ஒண்ணுல இதை ஆராய்ந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் வெல்ஷ். அவரோட மாணவி பெட்டி ட்வாரோக், சிப்பித் தசையிலும் செரோடோனின் வேலை செய்யுதுன்னு கண்டார். அடுத்து அவருக்கு வந்த சந்தேகம்: சிப்பியின் நரம்பு பயன்படுத்துற ரசாயனம் நம்ம மூளையில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுற மாதிரி இருக்கா? அப்போ செரோடோனின்னா ரத்தக்குழாயைச் சுருக்குற பொருள். 1948-ல் கிளீவ்லாந்தில் இர்வின் பேஜ் குழு அதை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்திருந்தது. ட்வாரோக் அந்த ஆய்வகத்துக்கே போனார். மூளையில் இருந்தாலும் துளியூண்டுதான் இருக்கும். எதை வெச்சு அளப்பது? மட்டி இதயத்தை வெச்சுதான்! லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செரோடோனின் கலந்தாலே அதன் துடிப்பு மாறிடும். மூளைச் சாற்றை விட்டுப் பார்த்தாங்க, துடிப்பு ஏறுச்சு. பாலூட்டிகளின் மூளையில் செரோடோனின் இருக்குன்னு 1953-ல் ட்வாரோக்கும் பேஜும் வெளியிட்டாங்க. பிற்பாடு செரோடோனினைக் குறிவெச்சு மனச்சோர்வு மருந்துகளே வந்தன. அதில் ஒண்ணான ஃப்ளூயாக்ஸெட்டினுக்கு 1987-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது.

"பார்த்தியா, கடைசியில் யூஸ் வந்துச்சு"ன்னு இதை முடிச்சா நானும் அதே பொறியில் விழுந்தவன் ஆவேன். எல்லா மட்டி ஆராய்ச்சியும் மருந்தாகாது. பெரும்பாலானவை ஆகாமலே போகும். கவனிக்க வேண்டியது வேற. அந்த இதயத்தை சென்சார் ஆக்கியது எது? எந்த ரசாயனத்துக்கு, எவ்வளவு அளவில், எந்தப் பக்கம் துடிப்பு மாறும்னு அவங்க நுணுக்கமா தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. அந்தத் தெளிவு இல்லேன்னா அது வெறும் சதைத்துண்டு.

நாம செய்றது தலைகீழ். கேலிப்ரேஷன் கர்வ் வரையாத சென்சாருக்கு ஆறு அப்ளிகேஷன் எழுதுறோம். அடுத்த ரிவ்யூவில் ஜூனியர் யாராவது வந்து நின்னா, "இது எப்படி வேலை செய்யுது?"ன்னு முதல்ல கேளுங்க. அவங்க சொல்லி முடிச்ச பிறகு, யூஸ் என்னன்னு தாராளமா கேட்கலாம்.