எழுப்புதல் எப்போது வரும்?



அண்மையில் ஓர் ஊரில் பெண்களுக்கான ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். ஓரமாக இருந்த வயதான தாயொருவர் என்னை அருகே அழைத்தார். "பிள்ளை, முகாமிலை இருக்கேக்கையும் எழுப்புதல் வரும் எண்டு சொல்லிச்சினம். ஊருக்கு வந்த பிறகும் அதைத்தான் சொல்லுகினம். அது எப்ப வரும்? வந்தால் என்ர மகன் வருவானோ?" என்று கேட்டார். அவருடைய மகன் 2009இல் காணாமற்போனவர். மகனின் படம் எப்போதும் அவருடைய கைப்பையில் இருக்கும்.

"எனக்குத் தெரியாது அம்மா" என்பதைத் தவிர வேறெதுவும் என் வாயில் வரவில்லை. வீடு திரும்பிய பின்பும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இம்மாதம் உங்களோடு இதைப்பற்றிக் கதைக்க விரும்புகிறேன்.

சோர்ந்துபோன விசுவாசிகளுக்கும் சபைகளுக்கும் தேவன் தமது ஆவியினால் மீண்டும் உயிர் கொடுப்பதையே எழுப்புதல் என்கிறோம். யோவேல் தீர்க்கதரிசி இதனை முன்னறிவித்தபோது குமாரத்திகளையும் பணிப்பெண்களையும் மறவாமல் சேர்த்துச் சொன்னார். அவர் பேசிய மக்கள் வெட்டுக்கிளியாலும் வறட்சியாலும் எல்லாவற்றையும் இழந்து நின்றவர்கள். ஆகவே இந்த நம்பிக்கை தொடக்கத்திலிருந்தே இழந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நம்பிக்கையாகும்.

இதற்கு ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன். இந்தியாவில் 1858இல் பிறந்தவர் பண்டித ராமாபாய். பெண்கள் படிக்கக்கூடாது என்றிருந்த காலத்தில், தாயும் தந்தையும் அவருக்குச் சமஸ்கிருதம் கற்பித்தார்கள். 1870களின் பஞ்சத்தில் பெற்றோரையும் அக்காவையும் பறிகொடுத்தார். அண்ணனோடு ஊர் ஊராக நடந்தார். 1880இல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டில் திருமணம் செய்தார்; 1882இல் கொலரா நோயில் கணவரும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 23. கையில் ஒரு வயதுகூட நிரம்பாத மகள் மனோரமா. எங்களில் எத்தனை பேருடைய கதை இதுபோன்றது!

1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்ற ராமாபாய், நாடு திரும்பி 1889இல் பம்பாயில் விதவைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். 1896, 1897ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில், தானே அப்பகுதிகளுக்குச் சென்று நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம் விதவைகளையும் மீட்டு வந்தார். பூனே நகருக்கு அருகிலுள்ள கெட்காவில் அவர்களுக்காக உருவானதே முக்தி இல்லம். 1900இல் மறுபடியும் பஞ்சம் வந்தது. இல்லத்தில் இருந்தவர்களின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது.

அங்கே பெண்கள் நெசவு, தையல், தோட்டம், அச்சுவேலை ஆகியவற்றைக் கற்றார்கள். பார்வையற்றவர்களுக்கு மனோரமா பிரெய்ல் எழுத்தைக் கற்பித்தார். வயிறு நிறைந்தது, தொழிலும் கிடைத்தது. ஆனாலும் உள்ளத்தின் காயம் முழுமையாக ஆறவில்லை என்பதை ராமாபாய் கண்டார்.

1904இல் வேல்ஸ் நாட்டில் எழுப்புதல் தொடங்கியது. மறு ஆண்டு ஜனவரியில் ராமாபாய் பெண்களிடம், "தினமும் என்னோடு கூடி ஜெபிக்க யார் வருவீர்கள்?" என்று கேட்டார். 70 பேர் முன்வந்தார்கள். மாதங்கள் சென்றன. வெளியே தெரியும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஜெபிப்பவர்களின் தொகை கூடிக்கூடி ஜூன் மாதமளவில் 550 ஆனது. நாளுக்கு இரு தடவை கூடினார்கள்.

ஜூன் மாத இறுதியில் ஒரு நாள், ராமாபாய் யோவான் சுவிசேஷத்தின் 8ஆம் அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியவிடாமல் இயேசு காத்த சம்பவம் வருகின்ற அதிகாரம் அது. திடீரெனப் பெண்கள் எல்லோரும் உரத்த குரலில் அழுது ஜெபிக்கத் தொடங்கினார்கள். அவரால் தொடர்ந்து பேச முடியவில்லை. பெண்கள் தங்கள் குற்றங்களை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். பின்னர் சிறு குழுக்களாகச் சுற்றுக் கிராமங்களுக்கும் சென்றார்கள். இவ்வளவு சத்தமும் உணர்ச்சியும் தேவையா என்று குறை சொன்னவர்களும் இருந்தார்கள்.

சகோதரிகளே, இதிலிருந்து நான் கற்றுக்கொண்டவை சில.

முதலாவது, முக்தியின் எழுப்புதல் பஞ்சத்தில் உறவுகளை இழந்த சிறுமிகளின் நடுவே வந்தது. அவர்களை வெளியிலுள்ள சமூகம் அபசகுனம் என்று ஒதுக்கியிருந்தது. எங்கள் ஊர்களிலும் கணவனை இழந்தவள் மங்கல காரியத்தில் பின்னுக்கு நிற்கிறாள். தடுப்பிலிருந்து வந்த பிள்ளையோடு கதைக்கச் சிலர் தயங்குகிறார்கள். எழுப்புதலுக்காக ஜெபிக்கும் சபை அவர்களுக்கு முன்வரிசையில் இடம் கொடுக்கிறதா?

இரண்டாவது, அவர்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. ஜெபித்தார்கள், தறியிலும் உழைத்தார்கள். ஆண்டவரை நம்புகிறவள் பிள்ளையின் படிப்பைக் கவனிப்பதும், காணாமற்போனவரைத் தேடி அலுவலகங்களுக்கு ஏறி இறங்குவதும், படத்தை ஏந்தி வீதியில் நிற்பதும் விசுவாசக் குறைவு ஆகாது. நீதியற்ற நியாயாதிபதியிடம் விடாமல் போய் முறையிட்ட விதவையைத்தானே இயேசு ஜெபத்துக்கு உதாரணமாகக் காட்டினார்!

மூன்றாவது, எவராவது எழுப்புதலுக்குத் திகதி குறித்துச் சொன்னாலோ, அதற்காகக் காணிக்கை கேட்டாலோ கவனமாக இருங்கள். ராமாபாய் எந்தத் திகதியையும் சொல்லவில்லை. ஜெபிக்க வாருங்கள் என்றுதான் அழைத்தார்.

நான்காவது, சொல்வதற்குக் கடினமானது. எழுப்புதல் இறந்தவர்களைத் திருப்பித் தரவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் திரும்பி வரவில்லை. 1921இல் ராமாபாய் தன் ஒரே மகளான மனோரமாவையும் இழந்தார். அப்போது அவர் வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தார். அந்த வேலையை நிறுத்தவில்லை. அதனை முடித்த பின்பே 1922 ஏப்ரல் 5ஆம் திகதி கண்மூடினார். அவர் தொடங்கிய முக்தி இல்லத்தின் பணி அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.

அந்தத் தாயை இரண்டு கிழமைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். "அம்மா, மகன் வருவார் என்று நான் சொல்லமாட்டேன். வரமாட்டார் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் உங்களைத் தனியே அழவிடமாட்டோம்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப வெள்ளிக்கிழமை பின்னேரம் இஞ்ச என்ர வீட்டிலை கூடுவம். பக்கத்து வளவுப் பிள்ளையையும் கூப்பிடுறன். அவளும் தனியத்தான்" என்றார்.

இப்போது ஐந்து பேர் கூடுகிறார்கள். ஒருவர் இந்து சகோதரி. ஜெபிக்கும்போது அவர் அமைதியாக அருகே இருப்பார். அழுபவரின் கையைப் பிடித்துக்கொள்வார். வருத்தம் என்றால் ஒருவர் மற்றவருக்குக் கஞ்சி கொண்டுபோகிறார்.

பெரிய எழுப்புதல் எந்த நாளில் வரும் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அது வருமென்று நம்புகிறவர்கள் செய்யவேண்டியது என்னவென்று அந்தத் தாய் எனக்குக் காட்டிவிட்டார். உங்கள் ஒழுங்கையில் தனியே இருப்பவர் யார் என்று இன்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இந்தக் கிழமையே அவருடைய படலையைத் தட்டுங்கள்.

ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக. அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.