பந்தியிலிருந்து எழும்போது

வடலூர் சத்திய தருமச்சாலையில் பந்தி முடிந்ததும், முதியவர்கள் தரையைவிட்டு எழுந்திருக்கும் விதத்தைச் சற்று நின்று கவனிப்பவருக்கு, வயோதிகம் மனித சரீரத்தை என்ன செய்கிறது என்பதை அறிய வைத்திய நூல் எதுவும் வேண்டியிராது. எழுபது பிராயம் கடந்த ஒரு மூதாட்டி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மடக்கிய கால்களை ஒருபுறம் ஒதுக்கி, இடக்கையைத் தரையிலும் வலக்கையை முழங்காலிலும் ஊன்றி, பாதி எழுந்து, அந்த நிலையிலேயே கண்ணை மூடிக் கிறுகிறுப்பு அடங்கும்வரை காத்திருந்து, அதன் பின்னரே நிமிர்கிறாள். நிமிர்ந்ததும் அவள் கை தேடுவது சுவரை. சுவர் எட்டாவிட்டால் அடுத்து நிற்பவரின் தோளை.

நிற்பதென்பது நாம் எண்ணுவதுபோல் சாமானியமான காரியமன்று. கண் காணும் காட்சியும், உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் அசைவைக் குறித்துச் சொல்லும் செய்தியும், உள்ளங்காலும் மூட்டுகளும் தரையைப் பற்றி அனுப்பும் உணர்ச்சியும் ஓயாமல் மூளைக்குச் சென்றுகொண்டிருக்க, மூளை அவற்றை ஒத்துப் பார்த்துத் தசைகளுக்குக் கட்டளையிடுவதனாலேயே நாம் விழாமல் நிற்கிறோம். பிராயம் ஏற ஏறக் கண்ணில் புரை படர்கிறது. உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள் குறைகின்றன. நீரிழிவு உள்ளவர்களின் பாதம் மரத்துப்போகிறது. தொடைத் தசை மெலிகிறது. காலை எடுத்து ஊன்று என்ற கட்டளையும் சற்றுத் தாமதமாகவே காலைச் சேர்கிறது. உண்டு முடித்தபின் குடலை நோக்கி ரத்தம் பெருகுவதால் முதியோருக்கு ரத்த அழுத்தம் தாழ்வதும் உண்டு. தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் சிலருக்கு இந்தத் தடுமாற்றத்தை அதிகப்படுத்துகின்றன.

தென்கிழக்கே சிதம்பரத்தில் ஒரு பாதத்தைத் தூக்கி மறு பாதத்தில் நிற்கும் கூத்தப்பெருமானைத் தரிசித்து வந்தவர்கள், தாமும் வீட்டில் அவ்வாறு எத்தனை நொடி நிற்க முடிகிறதென்று, ஜன்னல் கம்பியைத் தொடும் தூரத்தில் நின்று சோதித்துப் பார்க்கலாம். 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரைப் பிரேசில் நாட்டு மருத்துவர்கள் இவ்வாறு ஒற்றைக்காலில் நிற்கச் செய்து, பின்னர் சராசரியாக ஏழாண்டுக் காலம் கவனித்து, 2022-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 10 நொடி நிற்க இயலாதவர்கள் ஐந்தில் ஒருவர்; அவர்களிடையே மரண அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. நிற்க இயலாமையே மரணத்துக்குக் காரணமென்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உள்ளே சேர்ந்துவிட்ட பலவீனத்தை அது முன்கூட்டியே காட்டித் தருகிறது, அவ்வளவே. விழுவதனால் மட்டும் உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

ஆயினும், விழுவதைவிட, விழுந்தபின் மனத்தில் புகும் பயமே கொடியதென்பது என் அபிப்பிராயம். என் அத்தை அடுக்களை நிலைப்படி தடுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. மணிக்கட்டில் சிறு வீக்கம், நாலு நாளில் வடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கிணற்றடிக்குப் போகவில்லை. கோலம் போடக் குனியவில்லை. பூசந்தோறும் வடலூருக்குப் போய்வந்தவர் திண்ணையைத் தாண்டவில்லை. நடக்காத கால் மெலிந்தது; மெலிந்த கால் மேலும் தடுமாறியது; தடுமாற்றம் பயத்தை வளர்த்தது. வீட்டிலிருந்த நாங்களும், "அத்தை, நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று அன்பினால் சொல்லிச் சொல்லியே அவரை நாற்காலியோடு பிணைத்துவிட்டோம். அது பெரும் பிழையென்று மிகவும் தாமதமாகவே உணர்ந்தேன்.

1867-இல் இந்தத் தருமச்சாலையை நிறுவிய வள்ளலார், ஜீவகாருண்யத்தால் நீக்கத்தக்க துன்பங்களாகப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை ஆகிய ஏழினைக் கூறியிருக்கிறார். பசிக்கு இவ்வூர் செய்திருக்கும் பரிகாரத்தை உலகம் அறியும். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அந்த ஏழினுள் ஒன்றான பயத்துக்கு, அதிலும் முதியோரின் கால்களில் குடிகொண்ட பயத்துக்கு, நாம் என்ன செய்திருக்கிறோம்?

தைப்பூசத்தன்று விடியற்பனியில், வடலூர் சத்திய ஞானசபையின் முன்னுள்ள பெருவெளியில் திரளும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஏழு திரைகள் விலகி ஜோதி தோன்றும் கணத்தில் எல்லோருடைய முகமும் அண்ணாந்திருக்கிறது. அண்ணாந்தால் உட்செவியின் கணிப்புக் குழம்பும். கண் தரையை விட்டுவிடும். காலடி மண்ணோ இருளில் மேடும் பள்ளமுமாக இருக்கும். மூன்று துணையும் ஒருங்கே நழுவும் அவ்வேளையில் பின்னாலிருந்து நெருக்கும் கூட்டத்துக்கு ஒரு முதியவர் எப்படி ஈடுகொடுப்பார்? தரிசன வழிகளில் இடுப்புயரக் கைப்பிடியும், தரையைக் காட்டும் தாழ்ந்த விளக்கும், பந்தியில் எழும்போது பற்றிக்கொள்ளச் சுவரோரமாக ஒரு கம்பியும் அமைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவரும் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டம் 2021 முதல் நடந்துவருகிறது. விழுந்தவர்களுக்கு மட்டுமின்றி, விழக்கூடியவர்களுக்கும் அதன் ஊழியர்கள் சமநிலைப் பயிற்சி கற்பிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். குதிகாலை உயர்த்தி நிற்பது, ஓரடிக்கு முன் மறு அடியை ஒட்டிவைத்து நடப்பது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது போன்ற எளிய பயிற்சிகள் விழுதலை நூற்றுக்கு 23 வரை குறைப்பதாகப் பற்பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அடுத்த பூசத்துக்கு உங்கள் வீட்டு முதியவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் கையை நீங்கள் பற்றி இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளும்படி நீட்டி, அவருடைய நடைக்கு உங்கள் நடையைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வாருங்கள்.