ஒரு கேசட்டில் மூன்று பேர்
பாடகர் பி.ஜெயச்சந்திரன் மறைந்தபோது இரங்கல் செய்திகளெல்லாம் விருதுகளை வரிசைப்படுத்தின. என் வயதுக்காரர்கள் பேசியதோ 'வைதேகி காத்திருந்தாள்' கேசட்டைப் பற்றி. 1984-இல் வந்த படம். டீக்கடை, டவுன் பஸ், கல்யாண வீட்டு ஒலிபெருக்கி என்று எங்கும் அந்தப் பாட்டுகள்தான். பாடியவர் யாரென்று பலருக்கு அப்போது தெரியாது. அது 'விஜயகாந்த் பாட்டு', அவ்வளவுதான். அந்தக் குரலுக்கு முகமாக இருந்த விஜயகாந்த் 2023 டிசம்பரில் போனார். அதே படத்தில் ஜெயச்சந்திரனோடு இணைந்து பாடிய வாணி ஜெயராம் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே போய்விட்டார். 2025 ஜனவரியில் ஜெயச்சந்திரனும். கலைஞர் இறந்தால் ரசிகர்கள் தங்கள் சொந்தக் கதையையே பேசுகிறார்கள் என்று குறைபடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர்கூடத் தெரியாமல் ஒரு குரலை இத்தனை காலம் நெஞ்சில் வைத்திருந்தவர்கள் வேறெப்படி அஞ்சலி செலுத்துவார்கள்?