ஒரே தோட்டம், இரண்டு கூலி



சென்ற மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு, வெங்காயம் கிண்டிவிட்டு ஒரு அக்கா நேராக வந்திருந்தார். "விடிய எல்லாரும் ஒண்டாத்தான் தோட்டத்துக்குள்ள இறங்கினனாங்கள். ஆனா ஆம்பிளையளுக்குக் குடுத்ததில முக்கால்வாசிதான் எங்களுக்கு. பொம்பிளைக் கூலி அவ்வளவுதானாம்" என்றார். அங்கிருந்த எவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் என் மனதை உறுத்தியது.

இதைத் தலைவிதி என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் இதற்குக் காரணங்கள் உண்டு. போரில் துணையை இழந்த பெண் தூர இடத்துக்கு வேலை தேடிப் போக முடியாது. பிள்ளைகளைப் பார்க்க வேறு ஆளில்லை. ஊருக்குள் உள்ள சில வேலைகளுக்குப் பலர் நிற்கிறோம். ஆட்கள் கூடினால் கூலி இறங்கும். தனியாக ஒருத்தி கூட்டிக் கேட்டால், நாளைக்கு அவளுக்கு வேலை இல்லை.

வரியும் இப்படித்தான். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. ஒரு கட்டிச் சவர்க்காரத்துக்குச் செல்வந்தரும் கூலிக்காரியும் ஒரே வரியைத்தான் கொடுக்கிறார்கள். கூலிக்காரியின் கையில் மிஞ்சுவதுதான் குறைவு.

இவையெல்லாம் சேர்ந்தால் நாட்டுக் கணக்கில் எப்படித் தெரியும்? 2019 ஆம் ஆண்டு அரச புள்ளிவிபரப்படி, நாட்டின் வீட்டு வருமானம் 100 ரூபா என்றால், மேலேயுள்ள ஐந்திலொரு பங்கு வீடுகளுக்கு 51 ரூபாவுக்கும் மேல் போனது. அடியிலுள்ள ஐந்திலொரு பங்குக்கு 5 ரூபாகூட வரவில்லை. அது 2022 நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளமே இருந்தது. தொழிலாளர் போராடிய பின் 1984 இல் அது சமமாக்கப்பட்டது. 1945 இல் வந்த இலவசக் கல்வி இல்லையென்றால் நம்மில் எத்தனை பேர் இந்தப் பக்கத்தை வாசித்திருப்போம்?

2016 இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. 2025 திருத்தத்தின்படி 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000 ரூபா, நாளொன்றுக்கு 1,200 ரூபா. அதில் ஆண் கூலி, பெண் கூலி என்ற பிரிவு இல்லை. ஆயினும் அந்தச் சட்டம் வந்தபோது வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் சேர்க்கப்படவில்லை. சட்டத்தின் ஓட்டையும் அரசின் கொள்கைதான்.

கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் சகோதரிகள் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழித்தால், முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போடவேண்டும். போடாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

அன்றைய கூட்டத்தில் நாங்கள் இரண்டு முடிவு எடுத்தோம். ஒன்று, வேலை செய்த நாளையும் வாங்கிய கூலியையும் ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதி வைப்பது. மற்றது, அடுத்த வெங்காயக் காலத்துக்கு முன்பே கூலியைச் சங்கமாகப் பேசுவது. அந்த அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவருடைய மகள் எழுதிக்கொடுக்கிறாள்.