‘ஃபார்மட்’ கேட்டால் ‘கேன்சல்’

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் எங்கள் கிளியனூர் பக்கம் போட்டோ ஸ்டூடியோக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. விடியற்காலை மயிலம் முருகன் கோயிலில் தாலி கட்டு, பத்து மணிக்குத் திண்டிவனம் ரோட்டு மண்டபத்தில் மொய், சாயங்காலம் புதுச்சேரியில் ரிசப்ஷன் என்று ஒரே கேமரா மூன்று இடம் ஓடும். அதைவிடப் பெரிய ஓட்டம் மறுநாள் ஆரம்பிக்கும். வீட்டுக் கேமராவையும் கேபிளையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சொந்தக்காரர்கள் ஸ்டூடியோவுக்கு வருவார்கள். “அண்ணே, கம்ப்யூட்டர்ல கேமராவே காட்ட மாட்டேங்குது. படமெல்லாம் போச்சாண்ணே?”

பெரும்பாலும் போயிருக்காது. படம் இருப்பது கார்டில். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் வழியில்தான் எங்கோ அடைப்பு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். மீதிப் பாதிக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். இருப்பதிலேயே விலை குறைந்த பொருளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நம் ஆட்கள் தலைகீழாகப் போகிறார்கள். எடுத்த எடுப்பில் கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுப்பார்கள், அடுத்து கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் மாற்றிப் போடுவார்கள், கேபிளை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் ஒருவர் மேஜையில் இரண்டு கேபிள் துண்டுகள் வைத்திருக்கிறார். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே தடிமன். பிளேடால் தோலைக் கீறிக் காட்டுவார். ஒன்றில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நாலு ஒயர். இன்னொன்றில் சிவப்பும் கறுப்பும் மட்டும். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. அந்த இரண்டு ஒயர் கேபிளைக் கேமராவில் செருகினால், அந்தக் கேபிளில் சார்ஜ் ஏறும் கேமராவாக இருந்தால் சார்ஜ் ஏறும், விளக்கும் எரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒரு சேதியும் போகாது. “லைட் எரியுதுல்ல, கேபிள் நல்லாத்தாண்ணே இருக்கு” என்று வாதாடுபவர்களுக்காகவே அந்தத் துண்டுகளை வைத்திருக்கிறாராம்.

கேபிள் சரி என்றால் அடுத்து, செருகும் இடம். கேபினட்டின் முன்பக்க யூஎஸ்பி துளைக்கு உள்ளே தனி ஒயர் போட்டு இழுத்திருப்பார்கள், அது தளர்ந்திருக்கலாம். பின்பக்கத் துளைகள் நேராக மதர்போர்டிலேயே இருக்கின்றன. அதில் செருகிப் பாருங்கள். நடுவில் ஹப் இருந்தால் கழற்றிவிடுங்கள். பேட்டரியில் சார்ஜ் இருக்கட்டும். பாதிக் காப்பியில் கேமரா தானாக அணைந்தால் இணைப்பும் அறுந்துபோகும். சில சின்னக் கேமராக்களைப் படம் பார்க்கும் நிலையில் வைத்தால்தான் கம்ப்யூட்டரோடு பேசும். வைஃபை உள்ள கேனான் கேமராக்களில் இன்னொரு சங்கதி: பல மாடல்களில் வைஃபை ஆனில் இருந்தால் கேபிள் வழி வேலை செய்யாது. போனுக்கு ஒரு படம் அனுப்பிவிட்டு வைஃபையை அணைக்க மறந்திருப்பார்கள். மெனுவில் அணைத்தால் வேலை முடிந்தது.

சிலருக்கு உண்மையில் கேமரா கனெக்ட் ஆகித்தான் இருக்கும், பார்க்கும் இடம்தான் தவறு. கேமரா கம்ப்யூட்டரோடு பேச இரண்டு முறைகள் உண்டு. ஒன்று மாஸ் ஸ்டோரேஜ், இது குடோன் சாவியையே கையில் கொடுப்பது போல; கம்ப்யூட்டரே உள்ளே போய் எடுத்துக்கொள்ளும், பென் டிரைவ் போல ஈ, எஃப் என்று ஓர் எழுத்தோடு வந்து நிற்கும். இன்னொன்று பிடிபி. இதில் சாவி கேமராவிடமே இருக்கும். கேட்ட படத்தை அதுவே எடுத்துக் கொடுக்கும். அதனால் டிரைவ் எழுத்து வராது, கேமரா படம் போட்ட ஓர் ஐகான்தான் வரும். கேனான் டிஎஸ்எல்ஆர்கள் இரண்டாவது ரகம். சோனியில் எந்த முறை என்று நாமே மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். பழைய நிக்கான்கள் சிலவற்றிலும் அந்த வசதி உண்டு. ஒன்றில் வரவில்லையா, மற்றதற்கு மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் முக்கோணம் போட்ட பெயரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கேபிளைக் கழற்றி மறுபடி செருகலாம்.

இவ்வளவும் பொறுமை உள்ளவர்களுக்கு. தொழில்காரர்கள் கேபிளோடு மல்லுக்கட்டுவதே இல்லை. கேமராவை அணைத்து, கார்டை உருவி, கார்டு ரீடரில் போட்டுவிடுவார்கள். இதைக் குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம், ஆதிவழியே இதுதான். 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, நூறுக்கு நூறு என்று 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. அதைப் பார்க்கக் கேமராவை டிவியோடு இணைக்கவில்லை. கேசட்டைக் கழற்றி, அதற்கென்றே செய்த இன்னொரு கருவியில் போட்டார்கள்.

ரீடரிலும் சிக்கல் வரும். 2006இல் வந்த எஸ்டிஹெச்சி கார்டு 32 ஜிபி வரைதான். அதற்கு மேல் கொள்வது 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி. அது எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் எழுதும். பழைய ரீடரில் புதிய 64 ஜிபி கார்டைப் போட்டால் தெரியாமல் போகலாம். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர் என்றால், தனி அப்டேட் போடாமல் எக்ஸ்ஃபேட்டைப் படிக்கவே படிக்காது.

இப்போது காலேஜ் பிள்ளைகள் பீரோவிலிருந்து பதினைந்து வருடத்துப் பழைய டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு அலைகிறார்கள், ‘அந்தக் கால லுக்’ வேண்டுமாம். அதில் ஒலிம்பஸ் என்றால் எக்ஸ்டி கார்டு, சோனி என்றால் மெமரி ஸ்டிக் இருக்கலாம். இன்றைய சாதாரண ரீடரில் இரண்டுக்கும் துளை இல்லை. அந்தக் காலத்து ‘ஆல் இன் ஒன்’ ரீடர் வைத்திருக்கும் ஸ்டூடியோவைத் தேட வேண்டியதுதான். இன்னொன்றும் பாருங்கள். அந்தக் கேமராக்கள் பலவற்றுக்குள்ளேயே கொஞ்சம் மெமரி உண்டு. கார்டு போடாமல் எடுத்த சில படங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும். அதைக் கார்டு ரீடர் படிக்காது. கேமராவிலேயே கார்டுக்குக் காப்பி செய்ய மெனு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கேபிள்தான் கதி. கேமராவோடு வந்த விசித்திர முனைக் கேபிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். கார்டைச் செருகியதும் சில சமயம், ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் ஒரு கட்டம் காட்டும். கம்ப்யூட்டரே கேட்கிறதே என்று சம்மதம் கொடுத்துவிடுவார்கள். தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. கேன்சல் கொடுத்து, வேறு ரீடர், வேறு கம்ப்யூட்டர் என்று பாருங்கள். தவறி அழித்துவிட்டாலும் உடனே எல்லாம் முடிந்துவிடவில்லை. படத்தை அழிக்கும்போது ‘இந்த இடம் காலி’ என்று கணக்கில் குறிக்கப்படுகிறதே தவிர, படம் இருந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாத வரை அது பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் வைத்தால், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே நிறைய மீட்டுத் தரும். மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எதையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது ஆபத்து என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. தேவாரத் தலங்கள் 274 என்று இருந்த கணக்கு 276 ஆனதற்குக் காரணம், பின்னாளில் கிடைத்த திருவிடைவாய்ப் பதிகமும் கிளியன்னவூர்ப் பதிகமும். கிளியன்னவூர் என்பது கிளியனூர்தான். தொகுப்பில் இல்லாத சம்பந்தர் பதிகம் வேறெங்கோ பிரதியாக இருந்ததால் நமக்கு மிஞ்சியது. பக்கத்திலுள்ள புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப்போய் டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்திருக்கிறது. கண்ணாடி நெகட்டிவையாவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடலாம். கார்டைப் பிடித்துப் பார்த்து என்ன தெரியும்?

ஆகவே, கனெக்ட் ஆன சந்தோஷத்தில் ‘கட்’ கொடுத்துப் படங்களை இழுக்காதீர்கள், ‘காப்பி’ கொடுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என இரண்டு பிரதி எடுத்து, நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகு கார்டை ஃபார்மட் செய்யலாம், அதையும் கம்ப்யூட்டரில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அந்தக் கார்டு மக்கர் பண்ணாமல் வரும்.