ஊற்றும் முன்பே உப்பு பார்க்கணும்!

கேஸ் அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். கவனித்திருக்கிறீர்களா? ரசத்தில் இருக்கும் உப்புதான் காரணம். உப்பிலுள்ள சோடியம் சூடேறினால் மஞ்சள் ஒளி வீசும். ஸ்ட்ரான்ஷியம் என்றால் சிவப்பு, பேரியம் என்றால் பச்சை. தீபாவளி மத்தாப்பின் ரகசியமும் இதுதான். உலகின் மிக ஆபத்தான கழிவு ஒன்றைப் பத்திரப்படுத்தவும் இதே ரகசியம் கைகொடுக்கிறது.

அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் சவன்னா ரிவர் என்ற அணுசக்தி வளாகம் இருக்கிறது. பனிப்போர் காலத்தில் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த இடம். அதில் மிஞ்சிய கதிரியக்கக் கழிவு, பூமிக்கடியில் 51 தொட்டிகளில் தேங்கியது. தொட்டி துருப்பிடிக்கும், திரவம் கசியும். கண்ணாடி அப்படியல்ல. அதனால் கழிவைக் கண்ணாடியாக்கும் ஆலை அங்கே 1996-ல் இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் தாராப்பூரிலும் டிராம்பேயிலும்கூட இந்த முறை உண்டு.

கழிவுக் கூழோடு போரான், லித்தியம் கலந்த கண்ணாடித் தூளைச் சேர்த்து, சுமார் 1,150 டிகிரி செல்சியஸில் உருக்கி, 10 அடி உயர எஃகு உருளையில் ஊற்றுகிறார்கள். ஊற்றிவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. சோடியம் கூடிப்போனால் கண்ணாடி தண்ணீரில் சுலபமாகக் கரையும். இரும்பு, குரோமியம், நிக்கல் கூடினால் படிகங்கள் உருவாகி உலையில் படியும். அதனால் கலவை உலைக்குப் போகும் முன்பே மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். முடிவு சரியென்று வரும்வரை கலவை நகராது.

நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின் போதாதா? போதாது. போரான், லித்தியம் போன்ற லேசான தனிமங்கள் அதன் கண்ணில் படாது. எனவே மாதிரியைச் சின்ன மூசையில் கண்ணாடியாக்கி, பொடித்து, கரைத்து, அந்தத் திரவத்தைச் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஆர்கான் பிளாஸ்மாவில் தெளிக்கிறார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறத்தில் ஒளிரும். நிறம் எந்தத் தனிமம் என்று காட்டும். பிரகாசம் எவ்வளவு என்று சொல்லும்.

கதிரியக்கம் உள்ள மாதிரியைக் கையால் தொட முடியாது. தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, ஈயம் கலந்த கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தபடி, இயந்திரக் கைகளால்தான் வேலை செய்கிறார்கள்.

இன்னொரு பரீட்சையும் உண்டு. கண்ணாடியைப் பொடித்து, 90 டிகிரி நீரில் 7 நாள் வைத்து, எவ்வளவு போரான், லித்தியம், சோடியம் வெளியேறியது என்று பார்ப்பார்கள். முதலில் உள்ளே எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே வெளியே வந்தது அதிகமா, குறைவா என்று சொல்ல முடியும்!

இதுவரை 4,000-க்கும் மேற்பட்ட உருளைகள் நிரம்பிவிட்டன. நிரந்தரமாகப் புதைக்க அமெரிக்காவில் இன்னும் இடம் அமையாததால், அவை அந்த வளாகத்திலேயே காத்திருக்கின்றன. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். உருளைக்குள் என்ன இருக்கிறது என்று பின்னால் வருகிறவர்கள் உடைத்துப் பார்க்க முடியாது. இன்று எழுதிவைக்கும் அளவுகளை நம்பித்தான் அவர்கள் அதன் பக்கத்தில் வாழ வேண்டும்.